லாங் கோவிட்டில் நடைச் சோதனை, எழுந்து உட்காரும் சோதனை: எண்களை எவ்வளவு நம்பலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் இயன்முறை மருத்துவர். லாங் கோவிட்டோடு வருபவர்களை நடக்கவைத்து, உட்கார்ந்து எழவைத்து, கைப்பிடியை அழுத்தவைத்து, வரும் எண்களைக் குறித்துக்கொள்வது என் அன்றாட வேலை. அந்த எண்களைப் பார்த்ததும் அவர்கள் கேட்கிற சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். கூட வரும் குடும்பத்தாரும், தொழிலுக்குப் புதிதாக வந்த பிள்ளைகளும் அதையேதான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே கேள்விகளை வைத்து, எனக்குத் தெரிந்த பதில்களை எழுதியிருக்கிறேன். எல்லாமே வயது வந்தவர்களுக்கானவை.

லாங் கோவிட் என்று நான் சொல்வது உலக சுகாதார நிறுவனம் 2021 அக்டோபரில் வகுத்த நிலையை. கோவிட் தொடங்கிச் சுமார் 3 மாதம் ஆன பிறகும் தொல்லைகள் இருக்கின்றன, குறைந்தது 2 மாதமாவது நீடித்திருக்கின்றன, வேறு நோயால் அவற்றை விளக்க முடியவில்லை என்பது அதன் சாரம்.

நம்பகத்தன்மைன்னா டெஸ்ட் ரிசல்ட் சரியா இருக்குன்னு அர்த்தமா?

அப்படி இல்லை. உடல்நிலை மாறாத ஒருவரை அதே முறையில் மறுபடி அளந்தால் அதே எண் வருமா என்பதுதான் நம்பகத்தன்மை. அளக்க நினைத்ததைத்தான் அளக்கிறோமா என்பது தனிக் கேள்வி, அதற்கு ஏற்புடைமை என்று பெயர். கைப்பிடி வலுவை அளக்கும் மானி எப்போதும் 2 கிலோ கூட்டியே காட்டினால் அதன் நம்பகத்தன்மைக்குக் குறையில்லை, காட்டும் எண்தான் தப்பு. ஒரே ஆளின் இந்த மாதத்தை அடுத்த மாதத்தோடு ஒப்பிட அந்த மானிகூடப் போதும்.

மேலே "உடல்நிலை மாறாத ஒருவர்" என்று ஒரு நிபந்தனை போட்டிருக்கிறேன். லாங் கோவிட்டில் சிக்கல் முழுக்க அங்கேதான் இருக்கிறது. பின்னால் வரும் பல பதில்கள் அங்கேயே திரும்பி வரும்.

என்னென்ன டெஸ்ட் எடுப்பாங்க?

அதிகம் எடுப்பது ஆறு நிமிட நடை: ஆறு நிமிடத்தில் எத்தனை மீட்டர் நடக்கிறீர்கள் என்பது. அடுத்தது நாற்காலியில் உட்கார்ந்து எழுவது. இதில் 30 விநாடியில் எத்தனை முறை, ஒரு நிமிடத்தில் எத்தனை முறை, ஐந்து முறை எழ எத்தனை விநாடி என்று மூன்று வகை உண்டு. கைப்பிடி வலு, நான்கு மீட்டர் நடை வேகம், எழுந்து 3 மீட்டர் நடந்து திரும்பி வந்து உட்கார ஆகும் நேரம் ஆகியவையும் உண்டு. சமநிலை, நடை வேகம், ஐந்து முறை எழுதல் மூன்றையும் சேர்த்து 12-க்கு மதிப்பெண் போடும் குறுந்தொகுப்பு ஒன்றும் இருக்கிறது.

இவற்றில் எதுவும் லாங் கோவிட்டுக்காக உருவானதல்ல. நடைச் சோதனை நுரையீரல், இதய நோயாளிகளிடம் வளர்ந்தது. 12 மதிப்பெண் தொகுப்பும் 30 விநாடிச் சோதனையும் முதியவர்களுக்காக 1990-களில் வந்தவை. பிறந்த இடத்தில் நன்றாக வேலை செய்த கருவியை வேறு நோய்க்குக் கொண்டுவந்திருக்கிறோம் என்பதை மறக்கக் கூடாது.

ஆறு நிமிஷ நடையை ஏன் ரெண்டு தடவை நடக்கச் சொல்றாங்க?

முதல் தடவை உங்களுக்கு வேகத்தின் கணக்குப் பிடிபடுவதில்லை. மூன்றாம் நிமிடத்தில்தான் "இன்னும் கொஞ்சம் வேகமாப் போயிருக்கலாமே" என்று தோன்றும். இரண்டாம் தடவை அந்த அனுபவம் கைகொடுக்கும், தூரம் கூடும். ஐரோப்பிய சுவாசச் சங்கமும் அமெரிக்க மார்புச் சங்கமும் சேர்ந்து 2014-ல் வெளியிட்ட வரையறை, நாள்பட்ட நுரையீரல் நோயாளிகளிடம் இந்தக் கற்றல் பலன் சராசரி 26 மீட்டர் என்கிறது. அதனால் இரண்டு தடவை நடக்கவைத்து, நடுவே குறைந்தது 30 நிமிடம் ஓய்வு கொடுத்து, கூடுதலான தூரத்தை எடுத்துக்கொள்ளச் சொல்கிறது.

லாங் கோவிட் உள்ளவர்களிடம் இந்த விதியை அப்படியே போட எனக்கு மனம் ஒப்புவதில்லை. காரணம் கீழே வருகிறது.

வேற இடத்துல நடந்தப்போ 40 மீட்டர் குறைஞ்சுடுச்சு. நோய் கூடிடுச்சா?

முதலில் கூடத்தின் நீளத்தைக் கேளுங்கள். வரையறைப்படி 30 மீட்டராவது இருக்க வேண்டும். பல இடங்களில் 20 மீட்டர்தான் கிடைக்கும், சில இடங்களில் 10 மீட்டர். 30 மீட்டர் கூடத்தில் 420 மீட்டர் நடக்க 13 முறை திரும்பினால் போதும். 20 மீட்டர் கூடத்தில் அதே தூரத்துக்கு 20 முறை திரும்ப வேண்டும். ஒவ்வொரு திருப்பத்திலும் வேகத்தைக் குறைத்து, உடம்பைத் திருப்பி, மறுபடி வேகம் எடுக்கிறோம். தலைசுற்றல் உள்ளவர்களுக்கு அந்தத் திருப்பமே பெரும்பாடு. ஆகவே இரண்டு கூடங்களில் வந்த எண்களை ஒப்பிடாதீர்கள்.

சோதிப்பவர் என்ன பேசினார் என்பதும் தூரத்தை மாற்றும். ஒவ்வொரு நிமிட முடிவிலும் எழுதிவைத்த ஒரே வாக்கியத்தை ஒரே குரலில் சொல்ல வேண்டும் என்பது விதி. ஒருவர் பக்கத்தில் நடந்துகொண்டே "வாங்க, வாங்க, இன்னும் வேகமா" என்று உற்சாகப்படுத்தி, அடுத்த மாதம் இன்னொருவர் பேசாமல் நின்றால், மாறியது நோயாளியா சோதிப்பவரா என்று சொல்ல வழியில்லை.

இந்த டெஸ்டுக்கு ஐ.சி.சி. 0.95-ன்னு படிச்சேன். அப்படின்னா 95 சதவீதம் சரியா?

அது சதவீதம் இல்லை. ஐ.சி.சி. என்பது நம்பகத்தன்மையைச் சொல்ல, 0-க்கும் 1-க்கும் இடையில் வரும் ஓர் ஒப்பீட்டு எண். ஆளுக்கு ஆள் இருக்கும் வேறுபாட்டின் முன்னால், ஒரே ஆளை இரண்டு முறை அளக்கும்போது வரும் ஆட்டம் எவ்வளவு சிறியது என்பதை அது சொல்கிறது. 0.75-க்கு மேல் நல்லது, 0.9-க்கு மேல் மிக நல்லது என்று பொதுவாக எடுத்துக்கொள்கிறார்கள்.

இதில் ஒரு வலை இருக்கிறது. ஆய்வுக் குழுவில் 150 மீட்டர் நடப்பவரும் 650 மீட்டர் நடப்பவரும் கலந்திருந்தால் ஆளுக்கு ஆள் வேறுபாடு பெரிது, ஐ.சி.சி. தானாகவே உயரும். கணக்கு இப்படிப் போகும்: ஒரே ஆளின் அளவில் வரும் ஆட்டம் சுமார் 22.4 மீட்டர் என்று வைப்போம். குழுவின் பரவல், அதாவது திட்ட விலக்கம், 100 மீட்டராக இருந்தால் ஐ.சி.சி. 0.95. பரவல் 50 மீட்டராக இருந்தால் அதே ஆட்டத்துக்கு ஐ.சி.சி. 0.80. சோதனையும் அதேதான், பிழையும் அதேதான், எண் மட்டும் இறங்கிவிட்டது. அதனால் ஐ.சி.சி.யை மட்டும் எழுதி மீட்டரில் பிழை எவ்வளவு என்று சொல்லாத அறிக்கையை வைத்து நான் எந்த முடிவும் எடுப்பதில்லை.

இன்னொன்றும் உண்டு. எல்லோரும் இரண்டாம் முறை ஒரே அளவு கூடுதலாக நடந்தால், சில வகை ஐ.சி.சி. கணக்குகளில் அந்த ஏற்றம் தெரியவே தெரியாது. இரண்டு அளவுகளின் வித்தியாசத்தை ஒவ்வொரு ஆளுக்கும் புள்ளியாக வைத்துப் பார்க்கும் பிளாண்ட்–ஆல்ட்மன் வரைபடம் அதைக் காட்டிக்கொடுத்துவிடும். 1986 முதல் புழக்கத்தில் இருக்கும் வழி அது.

போன மாசம் 410 மீட்டர், இந்த மாசம் 435. முன்னேறிட்டேன்னு சொல்லலாமா?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்களின் முகத்தைப் பார்த்தால் "ஆமாம்" என்று சொல்லவே தோன்றும். ஆனாலும் கணக்கைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

முந்தைய பதிலில் வந்த 22.4 மீட்டர் ஆட்டத்தையே எடுத்துக்கொள்வோம். முதல் அளவிலும் அந்த ஆட்டம் உண்டு, இரண்டாம் அளவிலும் உண்டு. இரண்டும் சேரும்போது, "இது வெறும் ஆட்டம் இல்லை, உண்மையான மாற்றம்" என்று 95 சதவீத உறுதியோடு சொல்ல, அந்த 22.4-ஐ 2.77-ஆல் பெருக்க வேண்டும். விடை சுமார் 62 மீட்டர். கண்டறியக்கூடிய குறைந்தபட்ச மாற்றம் என்று சொல்வது இதைத்தான். 25 மீட்டர் அதற்குள்ளேயே அடங்கிவிடுகிறது. முன்னேற்றம் இல்லை என்றும் சொல்ல முடியாது, உண்டு என்றும் சொல்ல முடியாது. 62 என்பது நான் கணக்குக் காட்ட எடுத்த எண். உங்களைச் சோதிக்கும் இடத்தில் அவர்கள் எந்தப் பிழை அளவை வைத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள்.

ஆனா 30 மீட்டர் கூடினாலே போதும்னு எங்கேயோ பார்த்தேனே?

பார்த்தது சரிதான். 2014 வரையறை, நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கு 30 மீட்டர் மாற்றம் வாழ்க்கையில் உணரத்தக்கது என்கிறது. நோயாளிக்கு எவ்வளவு மாற்றம் பொருட்படுத்தத்தக்கது என்பது ஒரு கேள்வி. எவ்வளவு மாற்றத்தைச் சோதனையால் உறுதியாகப் பிடிக்க முடியும் என்பது இன்னொரு கேள்வி. 30 மீட்டர் உங்களுக்குப் பெரிய விஷயமாக இருக்கலாம், ஒரே ஒரு சோதனையின் கண்ணுக்கு அது அகப்படாமலும் போகலாம்.

ஆய்வுகளில் இது அவ்வளவு தொல்லையில்லை. 36 பேரின் சராசரியை எடுத்தால் அந்த 62 மீட்டர் ஆறில் ஒரு பங்காகி, சுமார் 10 மீட்டர் மாற்றமே தெரிந்துவிடும். தனி ஆளுக்கு அந்த வசதி இல்லை. ஒவ்வொரு வருகையிலும் இரண்டு முறை நடக்கவைத்துச் சராசரி எடுத்தால் 62 என்பது 44-ஆகக் குறையும், நான்கு முறை நடந்தால் 31. புள்ளியியல் இன்னும் ஒரு தடவை, இன்னும் ஒரு தடவை என்று கேட்டுக்கொண்டே இருக்கும். லாங் கோவிட் உள்ள உடம்பு அதற்கு இடம் கொடுப்பதில்லை.

டெஸ்ட் அன்னிக்கு நல்லாத்தான் இருந்தேன். ரெண்டு நாள் கழிச்சுப் படுத்த படுக்கையாயிட்டேன். டெஸ்டாலயா இப்படி?

ஆகியிருக்கலாம். லாங் கோவிட் உள்ள பலருக்கு, உடலுழைப்போ மூளையுழைப்போ தாங்கும் அளவைத் தாண்டினால் எல்லாத் தொல்லைகளும் சேர்ந்து கூடும். உழைப்புக்குப் பிந்தைய சரிவு என்று இதைச் சொல்கிறேன். இது உடனே வராது. பெரும்பாலும் 12 முதல் 48 மணி நேரம் கழித்து வரும், நாள்கணக்கில் நிற்கும், சிலருக்கு வாரக்கணக்கில்கூட. சாதாரண அசதி தூங்கி எழுந்தால் தீரும். இது தூங்கி எழுந்த பிறகுதான் தொடங்கும்.

இது மனதின் பயம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து ஏற்காதீர்கள். நெதர்லாந்தில் 2024-ல் வெளியான ஆய்வில், இந்தச் சரிவு உள்ள லாங் கோவிட் நோயாளிகள் 25 பேரைச் சைக்கிள் சோதனை செய்யவைத்து, அதற்கு முன்னும் பின்னும் தொடைத் தசையிலிருந்து துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். சோதனைக்குப் பிந்தைய துணுக்குகளில் தசைச் சேதம் கூடியிருந்தது, தசைகள் ஆற்றலை உண்டாக்கும் விதத்திலும் கோளாறு தெரிந்தது. சோதனை செய்பவர்கள் எல்லோரும் இதை நினைவில் வைத்திருக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

டெஸ்டெல்லாம் நம்பகமானதுதான்னா, எனக்கு மட்டும் ஏன் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு எண் வருது?

நம்பகத்தன்மைக் கணக்கில் ஒரு எடுகோள் இருக்கிறது: இரண்டு அளவுகளுக்கு நடுவே ஆள் மாறவில்லை. லாங் கோவிட்டில் ஆள் மாறுகிறார். காலையில் ஒரு மாதிரி, பிற்பகல் வேறு மாதிரி. முந்தின இரவு தூக்கம், மாதவிலக்கு, அன்று எவ்வளவு நேரம் நின்றீர்கள், சோதனை இடத்துக்கு எப்படி வந்தீர்கள், எல்லாமே எண்ணில் ஏறும். மாடிப்படி ஏறி, முக்கால் மணி நேரம் நிமிர்ந்து உட்கார்ந்து காத்திருந்தவர் என் முன்னால் வரும்போது அன்றைய சக்தியில் பாதியைச் செலவழித்துவிட்டிருப்பார். நான் அளப்பது மீதியைத்தான்.

இதைவிட ஆழமான சிக்கல் ஒன்று உண்டு. முதல் சோதனையே இரண்டாம் சோதனையைக் கெடுக்கலாம். திங்கட்கிழமை நடக்கவைத்து, நம்பகத்தன்மை பார்க்கிறோம் என்று புதன்கிழமை மறுபடி நடக்கவைத்தால், புதன் அன்று வரும் எண்ணில் திங்கட்கிழமைச் சோதனையின் விளைவும் கலந்திருக்கிறது. வித்தியாசம் முழுவதையும் சோதனையின் பிழை என்று எழுதினால், நோயின் அடையாளத்தையே பிழைக் கணக்கில் தள்ளிவிடுகிறோம். எதிர்ப்பக்கமும் நடக்கும்: கற்றல் பலன் 26 மீட்டர் ஏற்றி, சரிவு 26 மீட்டர் இறக்கினால் இரண்டு எண்ணும் சமமாக வந்து, சோதனை மிக நம்பகமானது என்ற தோற்றம் கிடைக்கும்.

அப்போ மறு டெஸ்டை எத்தனை நாள் கழிச்சு வைக்கணும்?

நாள்கணக்கை முன்கூட்டியே முடிவுசெய்யாமல் ஆளைப் பார்த்து முடிவுசெய்வதே என் வழக்கம். சோதனைக்கு முந்திய நிலைக்குத் திரும்பிவிட்டேன் என்று அவரே சொல்ல வேண்டும், அதன் பிறகும் சில நாள் அப்படியே இருந்திருக்க வேண்டும். சரிவு வருகிறவர் என்று முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொண்டால், ஒரே நாளில் இரண்டு தடவை நடக்கவைப்பதில்லை. ஒரே தடவை நடக்கவைத்து, அடுத்த வருகையிலும் ஒரே தடவை நடக்கவைத்து, முதல் நடையை முதல் நடையோடு ஒப்பிடுகிறேன். இரண்டாம் வருகையில் கொஞ்சம் கற்றல் பலன் இருக்கும் என்று குறிப்பும் எழுதிவிடுகிறேன். இதனால் கணக்கின் துல்லியம் குறையும். அந்த இழப்பு எனக்குச் சம்மதம்தான்.

உட்கார்ந்து எழுந்திருக்கிற டெஸ்டை வீட்டிலேயே செய்யலாமா?

நெஞ்சுவலி, மயக்கம், நிற்கும்போது படபடப்பு உள்ளவர்கள் வேண்டாம். சரிவு வருகிறவர்கள் ஒரு நிமிடச் சோதனையைத் தனியே செய்யவே வேண்டாம். மற்றவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டு 30 விநாடிச் சோதனையைச் செய்யலாம், பக்கத்தில் ஒருவர் இருக்கட்டும். நாற்காலி சுவரை ஒட்டி இருக்க வேண்டும், கைப்பிடி இல்லாதது, இருக்கை உயரம் சுமார் 43 சென்டிமீட்டர். கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொள்ள வேண்டும். முழுக்க நிமிர்ந்து நின்றால்தான் ஒன்று. நேரம் முடியும்போது பாதிக்கு மேல் எழுந்திருந்தால் அதையும் ஒன்றாக எண்ணலாம். எப்போதும் அதே நாற்காலி, அதே காலணி, அதே நேரம். மெத்தை இருக்கை அமுங்கும், உயரம் மாறிவிடும், அது வேண்டாம்.

மொத்த எண்ணிக்கையோடு நிறுத்திவிடாதீர்கள். ஒருவர் முதல் 15 விநாடியில் 7 முறை எழுந்தார். பதினெட்டாம் விநாடியில் பாதங்கள் முன்னால் நழுவத் தொடங்கின, எழும்போது இடுப்பு முன்னே வீசியது, முழங்கால் நடுங்கியது. அடுத்த 15 விநாடியில் 4-தான். மொத்தம் 11. இரண்டு மாதம் கழித்தும் மொத்தம் 11-தான் வந்தது, ஆனால் முதல் பாதியில் 6, பின்பாதியில் 5, பாதங்கள் அசையவில்லை. அறிக்கையைப் பார்த்தால் மாற்றம் இல்லை. நேரில் பார்த்த எனக்கு அது நல்ல செய்தி. அன்றிலிருந்து இரண்டு பாதிகளையும் தனித்தனியே எண்ணி எழுதுகிறேன்.

கைப்பிடி டெஸ்டுல நார்மல்னு வந்துச்சு. ஆனா ஒரு பாட்டில் மூடிகூடத் திறக்க முடியல, ஏன்?

கைப்பிடி வலுச் சோதனை சரியாகச் செய்தால் மிக நம்பகமானது. உட்கார்ந்து, முழங்கை 90 பாகையில் மடங்கி, தோள் உடம்போடு ஒட்டி, மூன்று முறை அழுத்துவது முறை. தசைக்குறைவுக்கு ஐரோப்பியக் குழு வைத்த எல்லை ஆண்களுக்கு 27 கிலோ, பெண்களுக்கு 16. ஆசியக் குழு 2019-ல் வைத்தது 28, 18. உங்கள் எண் இவற்றுக்கு மேல் இருந்தால் "இயல்பு" என்று எழுதிவிடுவார்கள்.

ஆனால் அந்த எண் ஒரு நொடியின் உச்ச வலு. உங்கள் குறை, அந்த வலு நிற்காமல் போவதில் இருக்கலாம். மூன்று அழுத்தங்கள் 30, 27, 23 கிலோ என்று இறங்கினால் சராசரி 26.7 என்று எழுதி, இறக்கத்தைப் பிழையாக மறந்துவிடுவது வழக்கம். பெர்லினில் ஷாரிட்டே மருத்துவமனைக் குழு, நாள்பட்ட சோர்வு நோயான எம்.இ./சி.எஃப்.எஸ். உள்ளவர்களைப் பத்து முறை அழுத்தவைத்து, ஒரு மணி நேரம் கழித்து இன்னொரு பத்து முறை அழுத்தவைத்து, இறக்கத்தையும் மீட்சியையும் அளந்தது. கேட்க வேண்டிய கேள்வி அதுதான். ஒவ்வோர் அழுத்தத்தின் எண்ணையும் தனித்தனியே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

12-க்கு 12 வாங்கிட்டேன். "உங்களுக்கு ஒண்ணுமில்ல"ன்னு சொல்லிட்டாங்க.

அந்தத் தொகுப்பு முதியவர்களில் யார் தடுமாறுகிறார்கள் என்று பார்க்க உருவானது. நாற்பது வயதுக்காரர் பெரும்பாலும் 12 வாங்கிவிடுவார், வீடு திரும்பியதும் மாலை முழுக்கப் படுத்திருப்பவராக இருந்தாலும். எல்லோரும் உச்சியில் முட்டி நிற்கும்போது சோதனையால் யாரையும் பிரித்துப் பார்க்க முடியாது. மறுபடி அளந்தாலும் அதே 12 வரும் என்பதால் ஒத்துப்போகும் சதவீதம் பிரமாதமாக இருக்கும். ஆளுக்கு ஆள் வேறுபாடே இல்லாததால் ஐ.சி.சி. மோசமாகவும் வரலாம். இரண்டுமே உங்களைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை.

வேணும்னே மெதுவா செய்யறேன்னு சந்தேகப்படறாங்க.

எண்கள் ஏறி இறங்குவதை வைத்து "முழு முயற்சி போடவில்லை" என்று எழுதுவது இன்னும் நடக்கிறது. காயமடைந்தவர்களைச் சோதிப்பதிலிருந்து வந்த பழைய பழக்கம் அது. நாளுக்கு நாள் ஏற்ற இறக்கம் என்பதே அடையாளமாக உள்ள நோயில் அந்த வாதம் நிற்காது. சந்தேகம் வந்தால் சோதிப்பவர் பார்க்க வேண்டியவை இருக்கின்றன: நாடித்துடிப்பு எவ்வளவு ஏறியது, மூச்சுத்திணறலுக்கும் கால் அசதிக்கும் போர்க் (Borg) என்ற அளவுகோலில் 0 முதல் 10 வரை எந்த எண்ணைச் சொன்னீர்கள், அடுத்த இரண்டு நாள் என்ன ஆனது. மெதுவாக நடந்தும் துடிப்பு எகிறியிருந்தால், அந்த மெதுவுக்குப் பின்னால் உழைப்பு இருந்திருக்கிறது.

இன்னொன்று. நீண்ட நாள் இந்த நோயோடு வாழ்ந்தவர்கள் தங்களைக் காத்துக்கொள்ள நிதானமாகவே நடப்பார்கள். அதைக் கற்றுக்கொடுத்ததே நாங்கள்தான்.

விரல்ல மாட்டுற ஆக்சிஜன் மிஷின் எண்ணை நம்பலாமா?

ஓய்வில், சூடான விரலில், ஆடாமல் இருந்தால் ஓரளவு நம்பலாம், இரண்டு மூன்று புள்ளி முன்பின் இருக்கும். நடக்கும்போது கை ஆடும், விரல் குளிர்ந்திருக்கும், நகப்பூச்சு இருக்கும், எல்லாம் எண்ணைக் குழப்பும். கறுப்புத் தோல் உள்ளவர்களிடம் இந்தக் கருவி உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும் வாய்ப்பு அதிகம் என்பதை 2020-ல் அமெரிக்க ஆய்வு ஒன்று எடுத்துக்காட்டியது. அதனால் ஒற்றை எண்ணைவிட, ஒரே சோதனைக்குள் எவ்வளவு இறங்கியது என்பதே எனக்கு முக்கியம். 3, 4 புள்ளி இறங்கினால் மருத்துவரிடம் அனுப்பிவிடுவேன். ஆறு நிமிட நடையில் 80-க்குக் கீழே போனால் சோதனையை நிறுத்தச் சொல்கிறது 2014 வரையறை.

(புதிதாகத் தொழிலுக்கு வந்தவர்) நான்கு மீட்டர் நடை வேகம் சுலபம்தானே, அதையே வச்சுக்கலாமா?

நோயாளிக்குச் சுலபம், சரிவைத் தூண்டும் வாய்ப்பும் குறைவு. அளப்பவருக்குத்தான் கஷ்டம். நான்கு மீட்டரை 5 விநாடியில் கடந்தால் விநாடிக்கு 0.8 மீட்டர். நிறுத்துகடிகாரத்தை நீ அரை விநாடி முன்னதாக அழுத்திவிட்டால் 0.89. பொருட்படுத்தத்தக்க மாற்றமே விநாடிக்கு 0.1 மீட்டர் என்று சொல்கிறார்கள், அதில் பெரும்பகுதியை உன் கட்டைவிரல் சாப்பிட்டுவிட்டது. கோட்டுக்கு முன்னும் பின்னும் ஓரிரு மீட்டர் கூடுதல் இடம் விடு. எந்தக் கால் எந்தக் கோட்டைத் தாண்டும்போது அழுத்துவாய் என்று எழுதிவை. முடிந்தால் பத்து மீட்டரில் எடு. சக ஊழியரோடு ஒரே நடையை இருவரும் அளந்து, எண்களை ஒப்பிட்டுப் பார். நோயாளியை ஒரு அடிகூடக் கூடுதலாக நடக்கவைக்காமல் பார்க்கக்கூடிய நம்பகத்தன்மை அது.

அடுத்தடுத்த ரெண்டு நாள் சைக்கிள் டெஸ்ட் எடுத்தா உண்மை தெரியும்னு சொல்றாங்களே?

முகமூடி மாட்டி மூச்சை அளந்துகொண்டு, உச்ச முயற்சிவரை சைக்கிள் மிதிக்கும் சோதனையை 24 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை செய்வது அது. ஆரோக்கியமானவர்களுக்கு இரண்டு நாளும் ஏறத்தாழ ஒரே அளவு வரும். எம்.இ./சி.எஃப்.எஸ். உள்ள பலருக்கு இரண்டாம் நாள் இறங்குவது பதிவாகியிருக்கிறது. மறுஅளவீட்டில் ஒத்துப்போகாமல் இருப்பதையே நோயின் சான்றாக எடுத்துக்கொள்ளும் சோதனை, அந்த வகையில் நான் மேலே சொன்ன சிக்கலை நேராகவே எதிர்கொள்கிறது.

ஆனால் அதற்கு நோயாளி கொடுக்கும் விலை பெரிது. வேண்டுமென்றே சரிவைத் தூண்டி அளப்பது அது. சிலர் பழைய நிலைக்குத் திரும்ப வாரங்கள் ஆகும். சிகிச்சையை முடிவுசெய்ய அது தேவையில்லை என்றால் நான் பரிந்துரைப்பதில்லை. கவனமாகக் கேட்ட கேள்விகளே சரிவு உண்டா இல்லையா என்பதைப் பெரும்பாலும் சொல்லிவிடும். உலக இயன்முறை மருத்துவக் கூட்டமைப்பும் 2021-ல், உடற்பயிற்சி எதையும் தொடங்கும் முன் இந்தச் சரிவு உண்டா என்று பார்க்கச் சொன்னது.

ஒரே ஒரு ரிப்போர்ட்டை வச்சு "வேலைக்குப் போகலாம்"னு எழுதிட்டாங்க. என்ன செய்ய?

ஆறு நிமிடம் நடந்ததை வைத்து எட்டு மணி நேர வேலையைத் தீர்மானிக்க முடியாது என்று எழுத்தில் கேளுங்கள். கூடவே மூன்று விவரங்களைச் சேர்க்கச் சொல்லுங்கள்: எத்தனை முறை அளந்தார்கள், அந்த அளவின் பிழை எவ்வளவு, சோதனைக்குப் பிந்தைய நாட்களில் நோயாளியின் நிலை என்ன. மூன்றாவது பெரும்பாலும் அறிக்கையில் இருக்காது, ஏனென்றால் யாரும் உங்களைக் கூப்பிட்டுக் கேட்டிருக்க மாட்டார்கள். அதை நீங்களே தேதியோடு எழுதி இணைக்கலாம்.

டெஸ்டே வேணாம்னு சொல்லிடலாமா?

சொல்லலாம். சோதனையால் சிகிச்சையில் எதுவும் மாறப்போவதில்லை என்றால் அதைத் தவிர்ப்பதில் தவறில்லை. "இந்த எண் வந்தால் என்ன செய்வீர்கள், வேறு எண் வந்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். இரண்டுக்கும் ஒரே பதில் வந்தால் அன்று நடக்க வேண்டியதில்லை. படுத்திருந்து எழுந்து நின்று, பத்து நிமிடம் நாடித்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் பார்க்கும் சோதனை பலருக்கு நடையைவிடப் பயனுள்ளது. ரத்த அழுத்தம் இறங்காமல், துடிப்பு மட்டும் நிமிடத்துக்கு 30-க்கு மேல் ஏறி அப்படியே நின்றால், கவனிக்க வேண்டிய வேறு காரணம் ஒன்று கிடைத்திருக்கிறது.

அடுத்த தடவை வரும்போது நான் என்ன எழுதிட்டு வரணும்?

ஒரு தாளில் சோதனைத் தேதி, எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், எத்தனை மணிக்குச் சோதனை, முந்தின இரவு எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள், சோதனை இடத்துக்கு வர எவ்வளவு நேரம் நின்றீர்கள் அல்லது நடந்தீர்கள், அன்று எடுத்த மாத்திரைகள். துடிப்பைக் குறைக்கும் மாத்திரை எடுத்திருந்தால் எத்தனை மணிக்கு என்பதையும் எழுதுங்கள்.

அதன் கீழே அடுத்த மூன்று நாளுக்கு நாளுக்கு ஒரு வரி. நீளமாக வேண்டாம். "இரண்டாம் நாள் காலை 7 மணி, கால் கனம், பேச்சு தடுமாறுது, மதியம் வரை எழல" என்று ஒருவர் எழுதிக்கொண்டு வந்தார். அவருடைய 455 மீட்டருக்குப் பக்கத்திலேயே அந்த வரியை ஒட்டிவைத்திருக்கிறேன்.